அருகிவரும் பயிரினங்களைக் கணக்கெடுத்துக் காத்தல்

ஒரு கிராமத்தின் செல்வம் அதன் நிலமும் நீரும் மட்டுமன்று. வழிவழியாக அங்கு விதைக்கப்பட்டுவரும் பயிரினங்களும் செல்வமேயாம். பச்சைப்பெருமாள், மொட்டைக்கருப்பன் முதலிய நெல்லினங்களும், ஊர்க் கத்தரி, பாகல், பூசணி வகைகளும் அத்தகையன. புதிய இனங்கள் மிகுந்த விளைவைத் தருவதால் கமக்காரர் அவற்றை விரும்புவது இயல்பே. எனினும், ஒரு பழைய இனத்தின் கடைசிப் பிடி விதையும் அழிந்துவிடின், அதனை மீண்டும் உண்டாக்க எவராலும் இயலாது.

பழைய இனங்களின் பயன்

1950 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் வெளியிடப்பட்ட எச்-4 என்னும் நெல், நம் நாட்டு முருங்கைக்காயனை மாஸ் என்னும் இந்தோனேசிய இனத்துடன் கலந்து பெறப்பட்டதாகும். கபிலநிறத் தத்தியை எதிர்க்கும் ஆற்றல் இலங்கையின் ரத்து ஹீனட்டி, பபாவீ ஆகிய பழைய இனங்களிற் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே, புதிய இனங்களுக்கு வேண்டிய நற்குணங்கள் பழைய இனங்களிலிருந்தே பெறப்படுகின்றன.

கணக்கெடுக்கும் முறை

1. பெரும்போக விதைப்புக்கு முன் ஊர்க் கமக்காரர் ஒன்றுகூடி, ஒவ்வோர் இனத்தின் பெயர், வயது, ஏற்ற நிலம், சிறப்புக் குணம், பயிரிடுவோர் தொகை, விதைக்கும் நிலத்தின் அளவு என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுக.

2. முதியோரையும், தோட்ட விதைகளைச் சேர்த்துவைக்கும் பெண்களையும் கேட்டறிக.

3. ஓரினத்துக்கு இரு பெயர்களும், ஈரினங்களுக்கு ஒரு பெயரும் வழங்குதல் உண்டு. ஆதலால் விதைகளை அருகருகே வைத்து ஒப்பிடுக.

4. ஒருவர் இருவர் மட்டுமே பயிரிடும் இனத்தை முதலிற் காக்கவேண்டும்.

விதை காக்கும் முறை

நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டும். அதற்குக் களத்திலும் சாக்கிலும் நேரும் கலப்பே பெருந் தீங்காகும். வேற்றினப் பயிர்களை அறுவடைக்கு முன்பே பிடுங்கி, வயலின் நடுப்பகுதியிலிருந்து விதையெடுத்துத் தனியே சூடடிக்க.

பூசணியில் தேனீக்களாற் கலப்புண்டாகும். மறுநாள் மலரவுள்ள ஆண், பெண் மொட்டுக்களை மாலையில் நூலாற் கட்டிவைக்க. காலையில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவிற் சேர்த்து, பெண் பூவை மீண்டும் கட்டி அடையாளமிடுக. அக்காய் நன்கு முற்றிய பின்பே விதையெடுக்கவேண்டும்.

விதைநெல்லை ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேற்படாதவாறு உலர்த்தி, காற்றுப் புகாத கலத்தில், பெயரும் ஆண்டும் எழுதி வைக்க. முளைதிறன் குன்றுமுன் மீண்டும் விதைத்துப் புதுவிதை பெறுக. ஓரினத்தின் விதையை இரு வீடுகளிலாயினும் வைத்தல் நன்று; ஒன்றிற் கெட்டால் மற்றது உதவும்.

அருகிய இனம் உங்களிடமிருப்பின் விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள். விவசாயத் திணைக்களம் 1988 இல் கன்னொறுவையில் நிறுவிய தாவர மரபு வள நிலையத்தில் இத்தகைய விதைகள் குளிரிற் பாதுகாக்கப்படுகின்றன. ஆயினும் வயலில் ஆண்டுதோறும் விளையும் இனமே ஊருக்கு உடனே உதவும். ஆகவே, இப்போகத்திலேயே ஒரு சிறு பாத்தியையேனும் அதற்கென ஒதுக்குங்கள்.