டயர் மாறினால் மீட்டர் கணக்கு ஏன் மாறுகிறது?

கேள்வி: என் பத்துச் சக்கர லாரியில் பின்பக்கம் இருந்த 10.00-20 ரேடியல் டயர்களைக் கழற்றிவிட்டு 11.00-20 போட்டேன். அன்றிலிருந்து வழக்கமான நடைக்கே மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக ஓடுகிறது. டீசல் மைலேஜும் விழுந்துவிட்டது. மீட்டர் கெட்டுவிட்டதா? இந்தக் கருவி எப்படித்தான் தோன்றியது?
– லாரி உரிமையாளர், நாமக்கல்

பதில்: மீட்டர் கெடவில்லை. முன்பு செய்த வேலையையே இப்போதும் ஒழுங்காகச் செய்கிறது. வண்டி சாலையில் எவ்வளவு தூரம் போனது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்ற கணக்கை வண்டி செய்த இடத்திலேயே அதற்குள் வைத்துவிட்டார்கள். நீங்கள் டயரை மாற்றினீர்கள், அந்தக் கணக்கை யாரும் மாற்றவில்லை.

சக்கரத்தின் சுற்றை எண்ணித் தூரத்தைச் சொல்லும் யோசனைக்கு இரண்டாயிரம் வயது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலின் பத்தாம் பகுதியில் ஒரு வண்டியை விவரிக்கிறார். நான்கு அடி குறுக்களவுள்ள சக்கரம் ஒரு முறை உருண்டால் பன்னிரண்டரை அடி. 400 முறை உருண்டால் 5,000 ரோமானிய அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். ஒவ்வொரு மைலுக்கும் பல்சக்கரங்கள் ஒரு கூழாங்கல்லை வெண்கலப் பாத்திரத்தில் விழவைக்கும். மாலையில் கல்லை எண்ணினால் போன தூரம் தெரிந்துவிடும். நான்கு அடிச் சக்கரத்தை எடுத்துவிட்டு ஐந்தடிச் சக்கரம் மாட்டியிருந்தால் அந்தக் கற்களும் உங்கள் மீட்டரைப் போலவே குறைத்துத்தான் சொல்லியிருக்கும்.

எனக்கு இதைவிடப் பிடித்த கதை அமெரிக்காவில் நடந்தது. 1847-இல் மார்மன் சமயத்தவர் கூண்டு வண்டிகளில் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தார்கள். ஒரு நாளில் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதில் அவர்களுக்குள் ஓயாத வாக்குவாதம். கணக்கு எழுதும் பொறுப்பில் இருந்த வில்லியம் கிளேட்டன் ஒரு வண்டியின் பின்சக்கரத்தைச் சுற்றி அளந்தார்: 14 அடி 8 அங்குலம். 360 சுற்றுக்குச் சரியாக ஒரு மைல் வந்தது. சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். அந்தத் துணி மேலே வரும்போதெல்லாம் எண்ணியபடி, பகல் முழுக்க வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தார். ஒரு நாள் கணக்கு 4,070 சுற்று, பதினொன்றேகால் மைலுக்கு மேல் இருபது சுற்று! சில நாளிலேயே ஆர்சன் பிராட் வடிவமைக்க, ஆப்பிள்டன் ஹார்மன் என்ற தச்சர் மரப் பல்சக்கரங்களால் அந்த வேலையைச் செய்யும் பொறியைச் செதுக்கினார். கிளேட்டனுக்கு வேலை நடந்ததற்குக் காரணம், எண்ணுவதற்கு முன்னால் அவர் சக்கரத்தை அளந்ததுதான்.

தூரம் போய் வேகம் வந்தது பின்னால். 1902-இல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்ஸே காப்புரிமை பெற்ற அமைப்பு, கேபிள் வைத்த வண்டிகளில் பல பத்தாண்டுகள் ஓடியது. கியர்பாக்ஸின் வால்பக்கத்திலிருந்து வரும் கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைத் தொடாமல் மூடியிருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் மின்சுழல் உண்டாகி, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து இழுக்கும். இந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். இதற்குள் டயர் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். எடுப்பது கியர்பாக்ஸிலிருந்து என்பதால், முன்சக்கரத்துக்கு மட்டும் நீங்கள் பெரிய டயர் போட்டிருந்தால் மீட்டரில் ஒரு வித்தியாசமும் வந்திருக்காது. ஹவுசிங்கில் கிரவுன்-பினியனைப் பல் கணக்கு வேறான ஒன்றாக மாற்றினாலோ, டயரைத் தொடாமலே கணக்கு தப்பும்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். 10.00-20 ரேடியலின் குறுக்களவு ஏறக்குறைய 1,054 மில்லிமீட்டர், 11.00-20 ரேடியலுக்கு 1,085. வித்தியாசம் மூன்று சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. முள் 60 காட்டும்போது வண்டி 62-ஐ ஒட்டி ஓடுகிறது. நிஜமாக 10,000 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 9,700 சொச்சம்தான் ஏறும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, டீசல் அதே அளவு குடித்தாலும் காகிதத்தில் 3.9 கொடுப்பதாகத் தெரியும். ஆகவே டிரைவரைச் சந்தேகப்பட வேண்டாம். கிலோமீட்டர் கணக்கில் பேட்டா கொடுப்பவராக இருந்தால், அவருக்குச் சேரவேண்டிய காசுதான் குறைகிறது.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் மறக்கக்கூடாது. 2015 அக்டோபர் முதல் தயாராகும் பெரும்பாலான சரக்கு வண்டிகளுக்கு 80-இல் நிற்கும்படி அது கட்டாயம். அதுவும் சக்கரச் சுற்றை நம்பித்தான் வேகத்தைக் கணிக்கிறது. 80 என்று அது நினைக்கும்போது உங்கள் வண்டி 82-ஐத் தாண்டியிருக்கும்.

டயர் தேய்ந்தால் நடப்பது இதற்கு நேர்மாறு. பட்டன் தேயத் தேய குறுக்களவு சுருங்கும், மீட்டர் கூட்டிச் சொல்லும். மொட்டை டயருக்கும் புது டயருக்கும் சில சதவீதம்வரை வித்தியாசம் வரலாம். காற்றுக் குறைவைப் பலரும் பெரிய காரணமாகச் சொல்வார்கள். ரேடியல் டயரின் சுற்றளவை உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை பிடித்துவைத்திருப்பதால் காற்றுக் குறைவின் பங்கு மிகச் சிறியது.

மீட்டர் கூட்டிச் சொல்வதும் குறைத்துச் சொல்வதும் ஒன்றல்ல. ஐக்கிய நாடுகளின் 39-ஆம் வாகன விதி, முள் உண்மை வேகத்துக்கு மேலே ஓரளவு காட்டலாம், ஒருபோதும் கீழே காட்டக்கூடாது என்கிறது. நியாயமான விதி. பெரிய டயர் வண்டியைத் தள்ளுவது விதி மறுக்கும் அந்தப் பக்கத்துக்கு. பாரம் ஏற்றிய லாரி தொப்பூர் கணவாயில் இறங்கும்போது டிரைவருக்குக் கையில் இருக்கும் ஒரே அளவுகோல் அந்த முள்தான்.

கேள்வி: சரிசெய்ய வழி உண்டா? புது வண்டிகளில் கேபிளே இல்லையே?
– பட்டறைத் தொழிலாளி, சங்ககிரி

பதில்: உண்டு. கேபிள் வண்டியில், கியர்பாக்ஸில் கேபிள் பூட்டும் இடத்தில் உள்ள சின்னப் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். டயர் பெரிதானால் பற்கள் குறைய வேண்டும். ஆனால் பதினெட்டுப் பல்லில் ஒன்றைக் குறைத்தாலே ஐந்து சதவீதத்துக்கு மேல் மாறிவிடும் என்பதால் மூன்று சதவீதப் பிழையை இப்படிச் சரியாகப் பிடிப்பது கடினம். சென்சார் வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. கம்பெனி சர்வீஸ் மையத்தில் கருவியை மாட்டிப் புது டயரின் அளவை ஏற்றிவிடலாம்.

எதுவானாலும் முதலில் டயரை அளந்துகொள்ளுங்கள். காற்றைச் சரியாக வைத்து, பாரத்தோடு, டயரிலும் தரையிலும் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, பத்துச் சுற்று உருட்டி, டேப்பால் அளந்து பத்தால் வகுங்கள். பிறகு பைபாஸில் கிலோமீட்டர் கற்களை வைத்துப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். போனில் ஜி.பி.எஸ். வேகத்தைக் கிளீனர் வாசிக்கட்டும், டிரைவர் முள்ளைப் பார்த்தால் போதும்.

ஐரோப்பிய லாரிகளில் வேகத்தையும் ஓட்டிய நேரத்தையும் பதிவுசெய்யும் டேக்கோகிராஃப் கருவியோடு ஒரு தகடு இருக்கும். டயரின் அளவும் அது உருளும் சுற்றளவும் அதில் எழுதப்பட்டிருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சோதனை, சுற்றளவு மாறினால் உடனே மறுபடி சோதனை. நம் பட்டறைகளில் அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. டயர் மாற்றும் அன்றே புது அளவையும், மீட்டர் எத்தனை சதவீதம் குறைத்துக் காட்டுகிறது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிக் கொடுங்கள். அடுத்து அந்த வண்டியில் ஏறும் டிரைவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.