குடும்ப வன்முறைத் தடுப்புப் பணி: பயனை அளப்பது எவ்வாறு?

சாலை போட்டால் அதன் நீளத்தை அளந்துவிடலாம். கிணறு வெட்டினால் நீர்மட்டத்தைக் கண்ணால் காணலாம். குடும்ப வன்முறையைக் குறைக்க ஊர்தோறும் நடைபெறும் பணியை அவ்விதம் அளக்க இயலாது. எத்தனை கூட்டம் கூட்டினோம், எத்தனை துண்டுப் பிரசுரம் வழங்கினோம் என்ற கணக்கை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதும் வழக்கம் நம் ஊழியரிடையே உண்டு.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். அதே ஆய்வின் அகில இந்தியக் கணக்கில், வன்முறைக்கு ஆளான பெண்களுள் பிறர் உதவியை நாடியோர் நூற்றுக்கு 14 பேரே. ஆகவே, புகார் வராத ஊர் அமைதியான ஊர் என்று பொருளன்று. பணி செம்மையாக நடைபெறுமாயின் தொடக்கத்தில் புகார்கள் பெருகக்கூடும். அதைக் கண்டு மேலதிகாரிகள் முகம் சுளிக்கலாகாது.

எனவே, பிரசாரத்திற்கு முன்னரே உதவிக்கான வழி ஆயத்தமாயிருத்தல் வேண்டும். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், வன்முறை நிகழ்வதாக அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது வழக்குத் தொடர இயலாது. நீதிமன்றத்தில் மனுப் பெறப்பட்ட 3 நாட்களுக்குள் முதல் விசாரணை நாளைக் குறிப்பதே சட்டம் வகுத்த முறை. அலுவலரின் தொலைபேசி எண்ணும், 181 என்னும் உதவி எண்ணும், மாவட்டத் தலைநகருக்குச் செல்லும் பேருந்தின் நேரமும் மகளிர் சுயஉதவிக் குழுவினர் அனைவருக்கும் மனப்பாடமாயிருத்தல் நலம். கிராம சபையில் சட்டத்தை விளக்கலாம். தனியொருத்தியின் துயரை அங்கே விவாதிப்பது அவளை மேலும் அடிவாங்கச் செய்வதாகும்.

பதிவேட்டில் ‘சமரசம்’ என்று எழுதியதும் அது தீர்வுக் கணக்கில் ஏறிவிடுகிறது. பெரியவர்கள் புத்தி சொல்லி அனுப்பிய பெண் அன்றிரவே அடிபட்டாளா என்பதை அந்தக் கட்டம் கூறாது. ஒரு திங்களிலும், மூன்று திங்களிலும், ஓராண்டிலும் அவளைத் தனியே சந்தித்துக் கேட்டல் வேண்டும். மாமியார் முன்னிலையில் பெறும் விடை விடையாகாது.

பணியால்தான் மாறுதல் நேர்ந்ததா என அறிய, தொடங்குமுன் நிலையையும், பணி எட்டாத ஊர்களின் நிலையையும் ஒப்பிடல் இன்றியமையாதது. உகாண்டா நாட்டுக் கம்பாலா நகரில் 2007 முதல் 2012 வரை ‘சாசா’ திட்டத்தை ஆராய்ந்தோர் 8 பகுதிகளைத் தேர்ந்து, 4இல் மட்டும் முதலில் பணி செய்தனர். மனைவியை அடிப்பது முறைதானா என்று ஆண்களையும் வினவினர். நம் படிவங்களில் ஆடவரைக் கேட்கும் வினா பெரும்பாலும் இராது. அதனைச் சேர்த்தல் தகும். பெயருக்குப் பதில் எண்ணிட்டு, பதிவேட்டைப் பூட்டி வைத்தல் பொறுப்பாளரின் கடமை.