சராசரி சொல்லாத பி.பி.

அன்புள்ள திருவொற்றியூர் வாசகருக்கு,

உங்கள் கடிதமும் பி.பி. நோட்டின் ஜெராக்ஸும் கிடைத்தன. "சராசரி 130தான், கவலைப்படாதே என்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி காட்டுகிறதே?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் மேல் அளவுகள் 110, 150, 124, 148, 118. பக்கத்திலேயே மைத்துனருடையதையும் எழுதியிருக்கிறீர்கள்: 128, 132, 130, 134, 126. கூட்டி ஐந்தால் வகுத்தால் இருவருக்கும் அதே 130. ஆனால் பள்ளியில் படித்த திட்ட விலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். மைத்துனருக்கு 3, உங்களுக்கு 18.

இந்த 18க்கு அர்த்தம் உண்டா? உண்டு என்று 2010இல் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வாளர் பீட்டர் ராத்வெல் குழு எழுதியது. சிறு பக்கவாதம் வந்து தப்பியவர்களின் பி.பி.யை ஏழு வருகைகளில் பார்த்தார்கள். மிக அதிகமாக ஏறி இறங்கிய பத்து சதவீதத்தினருக்கு, மிகக் குறைவாக ஏறி இறங்கியவர்களைவிட, பின்னால் பக்கவாதம் வரும் ஆபத்து ஆறு மடங்கு. சராசரி பி.பி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. அவர்கள் ஏற்கெனவே அடிபட்டவர்கள். அந்த ஆறை அப்படியே உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

திட்ட விலக்கத்துக்கும் ஒரு குருட்டுத்தனம் உண்டு. உங்கள் எண்களையே 110, 118, 124, 148, 150 என்று அடுக்கினால் அதே 18தான் வரும். ஆனால் அது ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போகும் பி.பி.; உங்களுடையது குதிக்கும் பி.பி. ஆகவே அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு நடுவிலுள்ள வித்தியாசத்தைச் சராசரி பார்க்கும் முறையும் இருக்கிறது. அதில் உங்களுக்கு 30, ஏறுவரிசைக்கு 10 மட்டுமே. சராசரி உயர்ந்தால் ஏற்ற இறக்கமும் கூடவே பெருகும் என்பதால் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்துப் பெறும் மாறுபாட்டுக் கெழு போன்றவற்றையும் பயன்படுத்துகிறார்கள்.

பெரிய சிக்கல், அளவுகள் ஐந்தே ஐந்து என்பது. ஐந்தை வைத்துக் கணக்கிட்ட 18, உண்மையில் 11 ஆகவும் இருக்கலாம், 50 ஆகவும் இருக்கலாம். அதனால்தான் தேர்ந்த புள்ளியியலாளர்கள் குறைந்த அளவுகள் உள்ளவரின் ஏற்ற இறக்கத்தை அப்படியே நம்பாமல், கூட்டத்தின் போக்கை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிட்டுப் பிறகே கணிக்கிறார்கள். இதைச் செய்யாமல் "உங்கள் ஆபத்து இவ்வளவு" என்று சொல்லும் செல்போன் செயலிகளை நான் மதிப்பதில்லை.

ஏற்ற இறக்கம் எல்லாம் உடம்பின் குணமும் அல்ல. எண்ணூரில் நைட் ஷிஃப்ட் முடித்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டி வந்து, டீ குடித்த கையோடு பட்டையைக் கட்டினால் 150 வரத்தான் செய்யும். மாத்திரை தீர்ந்து நாலு நாள் சும்மா இருந்தாலும் வரும். உங்கள் நோட்டில் நேரமும் ஷிஃப்டும் இல்லை. அதனால் எது உடம்பு, எது சூழ்நிலை என்று யாராலும் பிரிக்க முடியாது.

நம் ஊர்க் கணக்கு ஒன்று. 1998 முதல் 2001 வரை சென்னையில் 35 வயதுக்கு மேற்பட்ட ஐந்து லட்சம் பேரைச் சேர்த்து, பி.பி. எடுத்து, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது ஆய்வாளர் கஜலட்சுமியின் குழு. 2018இல் வெளிவந்த முடிவு: பி.பி. ஏற ஏற இதயநோய், பக்கவாதம், சிறுநீரகக் கோளாறால் வரும் சாவுகளும் ஏறின. ஆனால் பொதுவாக, ஒரே ஒரு தடவை எடுத்த அளவு ஆளின் வழக்கமான அளவிலிருந்து விலகி நிற்கும். அதனால் பி.பி.க்கு நோயோடு உள்ள தொடர்பு இருப்பதைவிட மெலிந்தே தெரியும். திரும்பத் திரும்ப அளந்தால்தான் இந்தக் குறை தீரும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீடு தேடி வந்து பி.பி. பார்க்கிறது. அந்த அளவுகளைச் சராசரியாக்கித் தூக்கிப் போடாமல், தேதிவாரியாக வைத்திருந்தால் வடசென்னைக்கே சொந்தமான பதில் கிடைக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: காலையில் மாத்திரைக்கு முன், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, ஒரே கையில் இரண்டு தடவை அளந்து நேரத்தோடு எழுதுங்கள். நைட் ஷிஃப்ட் என்றால் 'நை' என்று ஓரத்தில் போடுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் சராசரியைச் சொல்லாமல் நோட்டையே நீட்டுங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.