கார்டு வாங்கும் முன் கேபினட்டைத் திறங்கள்

"ஆபீஸில் கழித்துவிட்ட டெல் கம்ப்யூட்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன் சார். ஐ5 நாலாம் தலைமுறை, 8 ஜிபி ராம். ஜிடிஏ 5 நன்றாக ஓட எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?"

ஊரும் மாடலும் மாறும், கேள்வி மாறாது. எல்லோரும் கார்டின் பெயரைத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்தீர்களா?

படித்தவர்கள்கூடப் பெரிய எழுத்தில் இருக்கும் '450 வாட்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கடையில் அசெம்பிள் செய்த மெஷின் என்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டு தின்பது 12 வோல்ட் மின்சாரத்தை. அந்தக் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட், அவ்வளவுதான். 12 வோல்ட்டுக்கு இரண்டு கட்டங்கள் இருந்தால் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள்; இரண்டுக்கும் சேர்த்து ஓர் உச்ச வாட் கீழே போட்டிருக்கும், அதுதான் கணக்கு. அந்த 192 வாட்டில் ஐ5-4570 ப்ராசசருக்கு 84 வாட் ஒதுக்குங்கள். ஹார்ட் டிஸ்க், விசிறிகளுக்கு ஓர் இருபது. மீதி 88. மலிவு எஸ்எம்பிஎஸ்கள் ஸ்டிக்கரில் போட்டதைக்கூட முழுதாகத் தருவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

டெல், எச்பி, லெனோவோ ஆபீஸ் மெஷின்களோடு வரும் எஸ்எம்பிஎஸ் வாட்டில் சிறியது, ஆனால் நாணயமானது. சிக்கல் வேறு இடத்தில். பல மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் கனெக்டர் வழக்கமான 24 பின் அல்ல. பெரிய எஸ்எம்பிஎஸ் வாங்கி வந்து, செருக இடமில்லாமல் விழிப்பவர்கள் உண்டு. அதற்கென்று அடாப்டர் கேபிள் கிடைக்கிறது; ஸ்லிம் கேபினட் என்றால் புது எஸ்எம்பிஎஸ் உள்ளே உட்காரவே உட்காராது.

ஆகவே பழைய பெட்டிக்கு என் முதல் விதி: தனியாக பவர் கேபிள் கேட்காத கார்டு. மதர்போர்டின் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும். அதற்குள் அடங்கும் கார்டுகளில் இன்று நான் கைகாட்டுவது 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. 70 வாட்தான். பெயரில் ஏமாந்துவிடாதீர்கள்: இதே 3050-இன் 8 ஜிபி கார்டு வேறு ஜாதி, அதற்கு பவர் கேபிள் வேண்டும். பட்ஜெட் இடித்தால் 2019-இன் ஜிடிஎக்ஸ் 1650. அதிலும் சில மாடல்களில் 6 பின் பவர் சாக்கெட் இருக்கும்; படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். ஸ்லிம் கேபினட்காரர்கள் லோ ப்ரொஃபைல் என்று கேட்டு வாங்க வேண்டும். அவற்றிலும் பல, இரண்டு ஸ்லாட் பருமன் கொண்டவை. பக்கத்திலேயே எஸ்எம்பிஎஸ் ஒட்டி நின்றால் நுழையாது. ஸ்கேல் எடுத்து அளந்துகொள்ளுங்கள்.

விலையைப் பார்த்ததும் ஆசை காட்டும் இரண்டு கார்டுகள் உண்டு: ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி. பழைய கம்ப்யூட்டருக்கு இவற்றை நான் சொல்வதே இல்லை. 16 வழிகள் உள்ள ஸ்லாட்டில் இவை உட்கார்ந்தாலும் பயன்படுத்துவது நாலு வழிகளைத்தான். நாலாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் உள்ள புது மதர்போர்டில் அந்த நாலு வழியில் நொடிக்கு 8 ஜிபி அளவு தரவு போகும். உங்கள் ஐ5-இல் இருப்பது மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ், அதில் பாதிதான். இந்தக் கார்டுகள் பெரும்பாலும் 4 ஜிபி. கேமின் டெக்ஸ்சர்கள் அதில் நிரம்பி வழிந்ததும் மெயின் ராமிலிருந்து எடுத்துவர வேண்டும், அதுவும் அந்தச் சந்து வழியாக. திரை திக்கித் திக்கி ஓடுவது அதனால்தான். விலையால் பழைய கம்ப்யூட்டர்காரரை இழுக்கும் கார்டு, அவர் வீட்டில்தான் மோசமாக ஓடுகிறது! போதாக்குறைக்கு வீடியோ என்கோடரும் கிடையாது. கேமை ரெக்கார்டு செய்து யூடியூபில் போடும் ஆசை இருந்தால் அந்தச் சுமையும் ப்ராசசர் தலையில்தான். இன்டெல் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாவிட்டால் படுத்துவிடும். நாலாம் தலைமுறை ஆபீஸ் மெஷின்களில் அது இல்லை.

செகண்ட் ஹேண்ட் கார்டா? ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் எடுத்துப் போங்கள். பழைய ஜிடிஎஸ் 450 சிப்பில் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்ற காலம் உண்டு. போலி என்றால் அந்த மென்பொருள் காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலும் ஒரு சூது இருக்கிறது. அசல் 580-இல் 2304 ஷேடர்கள். 2048 என்று காட்டினால், அது 570-க்கு 580 சட்டை மாட்டியது. நான் ஒருமுறை வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே பில்லைக் காட்டினார், அதில் வெறும் '580' என்றுதான் இருந்தது. மைனிங்கில் ஓடிய கார்டு என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறதா, பத்து நிமிடம் கேம் ஓட்டினால் சூடு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். 1050 டிஐ, 1060 வகையறாக்களுக்கு 2025 அக்டோபரோடு என்விடியா புது கேம்களுக்கான டிரைவர் தருவதை நிறுத்திவிட்டது. சும்மா கிடைக்கிற விலைக்கு வந்தால் மட்டும் வாங்கலாம்.

கார்டு போட்ட பிறகும் வேகம் போதவில்லையா? கேமில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் அப்படியே நின்றால் குற்றவாளி கார்டு அல்ல, ப்ராசசர். அதே சாக்கெட்டில் பழைய ஐ7-4770 உட்காரும். 8 ஜிபி ஒரே ராமாக இருந்தால் இன்னொன்று சேர்த்து ஜோடியாக்குங்கள், அதுவும் கைகொடுக்கும். ஆனால் இந்த இரண்டிலும் நிறையப் பணம் போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது; விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது எட்டாம் தலைமுறை முதல். விண்டோஸ் 11-இல் வாலரன்ட் விளையாட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அடுத்த கம்ப்யூட்டருக்குக் கார்டைக் கழற்றி எடுத்துப்போகலாம்; டிடிஆர்3 ராமும் பழைய ஐ7-உம் இங்கேயே கிடக்கும்.

வீட்டில் 600 விஏ யுபிஎஸ் இருந்தால் அது தாங்குவது 360 வாட் அளவுதான். மானிட்டரும் அதில்தான் ஓடுகிறது. மானிட்டர் பழையதாக, விஜிஏ மட்டும் உள்ளதாக இருந்தால், புது கார்டில் அந்தத் துளையே இருக்காது. எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வர்ட்டர் ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, "கார்டு போட்டும் கேம் முன்பு போலவே இழுக்குது சார்" என்று போன் செய்தவர்கள் இருக்கிறார்கள். பின்னால் போய்ப் பாருங்கள் என்பேன். மானிட்டர் கேபிள் மதர்போர்டிலேயே செருகிக் கிடக்கும்.