விதானையார் கடிதமும் டி.பி.எஸ். சான்றிதழும்

கேள்வி: லண்டனில் ஒரு சமூக நிலையத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ்ப் பள்ளியில் 22 ஆண்டுகளாக மிருதங்கம் படிப்பிக்கிறேன். ஒரு சதம் வாங்கியதில்லை. வயது 67. புதன்கிழமைகளில் அதே நிலையத்தில் முதியோருக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறார்கள். அங்கும் உதவிக்குப் போவேன். இந்த ஆண்டு வந்த புதிய நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் என்னிடம் படித்த பிள்ளைகள். அவர்கள் இப்போது என்னை டி.பி.எஸ். எடுக்கச் சொல்கிறார்கள். கதவைச் சாத்தி வகுப்பு எடுக்கக் கூடாதாம். பிள்ளைகளைக் காரில் ஏற்றக் கூடாதாம். நான் என்ன கள்ளனா? அந்தப் பேப்பர் வந்துவிட்டால் மட்டும் ஒருவர் நல்லவர் என்று ஆகிவிடுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஐயா, கோபத்தில் எழுதிய கடிதம் என்றாலும் அதன் கடைசி வரியில் நல்லதொரு கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. அந்தப் பேப்பர் யாரையும் நல்லவர் ஆக்காது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டு விதிகளும் ஏன் வந்தன என்பது தானாக விளங்கும்.

நம்மவர்களுக்கு இந்தக் கோபம் வருவதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. ஊரில் வேலைக்கு விண்ணப்பித்தால் விதானையாரிடம், இன்றைய பெயரில் கிராம அலுவலரிடம், நற்சான்றிதழ் வாங்கிப் போவோம். “இவர் நல்லொழுக்கம் உடையவர்” என்று அவர் கையெழுத்து வைப்பார். அதைக் கேட்பது உங்கள் குணத்துக்கு ஒருவர் சாட்சி கேட்பது. டி.பி.எஸ். சான்றிதழையும் அந்தக் கண்ணாலேயே பார்க்கிறோம். அதனால்தான், ‘22 வருடம் பார்த்த பிறகு என் குணத்துக்குச் சாட்சி கேட்கிறார்களே’ என்று சுடுகிறது.

டி.பி.எஸ். அப்படிப்பட்ட கடிதம் அல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், ஒருவரைப் பற்றி அரசிடம் என்ன பதிவு இருக்கிறது என்று தேடிச் சொல்லும் அரசு அமைப்பு அது. 2002இல் சி.ஆர்.பி. என்ற பெயரில் இந்த வேலை தொடங்கியது. 2012 டிசம்பரில் இன்னொரு அமைப்போடு சேர்ந்து டி.பி.எஸ். ஆனது. உங்களிடம் கேட்டிருப்பது ‘மேம்பட்ட’ சோதனையாக இருக்கும். அதில் நீதிமன்றத் தண்டனைகள் வரும். ‘எச்சரிக்கை’ எனப்படும் பதிவுகளும் வரும். குற்றத்தை ஒப்புக்கொண்டவரை நீதிமன்றம் வரை கொண்டுபோகாமல் காவல்துறை எச்சரித்து எழுதி வைப்பது அது. அந்தப் பணிக்குத் தொடர்புடையது என்று உள்ளூர்க் காவல்துறை கருதும் வேறு தகவல்களும் வரலாம். பணியைப் பொறுத்து, தடைப்பட்டியலிலும் தேடுவார்கள். பிள்ளைகளோடு அல்லது பராமரிப்புத் தேவைப்படும் பெரியவர்களோடு குறிப்பிட்ட பணிகளைச் செய்யவே கூடாது என்று விலக்கப்பட்டவர்களின் பட்டியல் அது.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் சான்றிதழில் பதிவு இல்லை என்றுதான் இருக்கும். ‘நல்லவர்’ என்று ஒரு சொல்லும் இராது. பிடிபடாதவருக்கும், யாரும் முறையிடாதவருக்கும், இந்த நாட்டுக்கு வருமுன் வேறு நாட்டில் தண்டனை பெற்றவருக்கும்கூட அதே வெற்றுத்தாள்தான் வரும்; வெளிநாட்டுப் பதிவுகள் பொதுவாக இதில் அகப்படுவதில்லை. அச்சான நாளுக்குப் பிறகு நடப்பதும் அதில் இராது. ஆகவே, உங்கள் குழுவினர் ‘எல்லாரிடமும் டி.பி.எஸ். வாங்கியாயிற்று, இனிப் பயமில்லை’ என்று கோப்பை மூடி வைத்தால் அவர்களும் உங்களைப் போலவே அதை விதானையார் கடிதமாக நினைத்துவிட்டார்கள் என்று பொருள். உங்களுக்கு அதனால் கோபம், அவர்களுக்கு அதனால் நிம்மதி. இரண்டில் நிம்மதிதான் ஆபத்தானது.

பிறகு ஏன் கேட்கிறார்கள்? 2002 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ்ஷயரின் சோஹம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர் அவ்வூர்ப் பள்ளியொன்றின் பராமரிப்பாளர். அவர் முன்பு வாழ்ந்த ஹம்பர்சைடு பகுதியில் பாலியல் குற்றம் தொடர்பாக அவர்மீது பல புகார்கள் எழுந்திருந்தன. எதிலும் தண்டனை இல்லை. அந்தத் தகவல்களை அங்குள்ள காவல்துறை ஒழுங்காகப் பேணவில்லை. சோஹம் பள்ளியில் வேலைக்கு வரும்போது அவர் தாயின் குடும்பப் பெயரைப் பயன்படுத்தியிருந்தார். பழைய பெயரிலும் முறையாகத் தேட வேண்டியது நடக்கவில்லை. இவற்றை ஆராய்ந்த பிச்சர்ட் விசாரணை 2004இல் அறிக்கை தந்தது. அதன் பிறகே 2006ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றைய தடைப்பட்டியல் முறையும் வந்தன. தெரிந்திருந்த ஒன்று, தெரிய வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடக் கூடாது என்பதுதான் இந்தச் சோதனையின் நோக்கம். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

யாரிடம் கேட்பது என்பதும் குழுவின் விருப்பம் அல்ல. மேற்பார்வை இல்லாமல் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதை, வாரம் ஒரு முறையோ 30 நாளில் 4 நாளோ அதற்கு மேலோ செய்தால், சட்டம் அதை ‘ஒழுங்குபடுத்தப்பட்ட பணி’ என்கிறது. சனிக்கிழமை மிருதங்க வகுப்பு அதில் அடங்கும். தடைப்பட்டியலில் உள்ள ஒருவரைத் தெரிந்தே அந்தப் பணியில் வைத்தால் வைத்த அமைப்பும் குற்றவாளி. ஆகவே உங்கள் பழைய மாணவர்கள் உங்களைச் சந்தேகித்துக் கேட்கவில்லை. உங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க அவர்களுக்கு வழியில்லை.

இனி அந்தக் கதவு. என் பார்வையில் உங்கள் கடிதத்தின் முக்கியமான இடம் இதுதான்.

பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர் யார் என்று கேட்டால் நம் மனத்தில் வருவது முகம் தெரியாத ஒருவர். உண்மையில் பெரும்பாலும் அவர் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் நன்றாகத் தெரிந்தவர். தெரிந்தவராக ஆவதற்கே அவர் மாதக்கணக்கில் உழைத்திருப்பார். பிள்ளையைப் புகழ்வார், பரிசு கொடுப்பார், பெற்றோருக்கு அவசரத்தில் கைகொடுப்பார், கடைசியில் ‘இது நமக்குள் இருக்கட்டும்’ என்று ஒரு சின்ன ரகசியத்தை உண்டாக்குவார். இப்படி நம்பிக்கையைப் படிப்படியாக வளைத்துப் பிடிப்பதை ஆங்கிலத்தில் ‘குரூமிங்’ என்பார்கள். ‘வசப்படுத்தல்’ என்று வைத்துக்கொள்ளலாம். இதில் எரிச்சலூட்டும் விஷயம், வெளியிலிருந்து பார்த்தால் வசப்படுத்துபவரும் நல்ல வாத்தியாரும் ஒரே மாதிரி இருப்பார்கள். நீங்களும் பிள்ளைகளைப் புகழ்வீர்கள். நவராத்திரிக்குப் பேனா வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். மழை நாளில் வீட்டில் இறக்கிவிட்டிருப்பீர்கள்.

மனிதரைப் பார்த்துப் பிரிக்க முடியாதபோது சந்தர்ப்பத்தைத்தான் இல்லாமல் செய்ய முடியும். ‘சேஃப்கார்டிங்’ என்று அவர்கள் சொல்வதன் பாதி இதுதான்: தீங்கு நடந்தபின் தண்டிப்பது அல்ல, நடக்க வழியில்லாமல் இடத்தையும் நேரத்தையும் ஒழுங்கு செய்வது. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் யார் கண்ணிலும் படாமல் தனித்திருக்கும் வேளைகளைக் குறைப்பது அதன் முதல் வேலை. விதி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால்தான் அது வேலை செய்யும். ‘மாஸ்டருக்கு மட்டும் பரவாயில்லை’ என்று ஒரு விலக்கு இருந்தால், அடுத்து வருபவர் அந்த விலக்குக்குள்தான் நுழைவார்.

மிருதங்கத்துக்குக் கதவைத் திறந்து வைத்தால் பக்கத்து அறையில் ஆனா ஆவன்னா படிக்கும் சின்னவர்கள் பாடு திண்டாட்டம் என்பது எனக்குத் தெரியும். அதற்குத்தான் இந்த நாட்டு மண்டபங்கள் பலவற்றில் கதவிலேயே கம்பிவலைக் கண்ணாடித் துண்டு ஒன்று பதித்திருக்கும். நான் போன ஒரு நிலையத்தில் அந்தக் கண்ணாடியை மறைத்துப் பொங்கல் விழாச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. பொங்கல் முடிந்து நான்கு மாதம். பக்கத்தில், சுவரில், பாதுகாப்புக் கொள்கை பிளாஸ்டிக் உறையில் அழகாகத் தொங்கியது. சுவரொட்டியைக் கிழித்தால் போதும்; கதவைச் சாத்திக்கொண்டே படிப்பிக்கலாம். இரண்டிரண்டு பிள்ளைகளாக வகுப்பை அமைப்பதும் நல்லது. விரலைப் பிடித்துத்தான் ‘நம்’ வாசிக்கக் காட்ட வேண்டுமா? “கையைப் பிடிக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுப் பிடியுங்கள். பிள்ளை ‘வேண்டாம்’ என்றால் உங்கள் கையிலேயே காட்டுங்கள். வேண்டாம் என்று ஒரு பெரியவரிடம் சொல்லலாம், அவரும் கேட்பார் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது தாளத்துக்கு மேலதிகமான பாடம்.

கார் விஷயமும் அப்படியே. ஒரு மணிக்கு வகுப்பு முடிந்து, பெற்றோர் வராமல், பெப்ரவரிக் குளிரில் வாசலில் நிற்கும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகச் சொல்லி எந்தக் குழுவும் சொல்லாது. உள்ளே கூட்டி வாருங்கள். இன்னொரு பெரியவரும் கூட இருக்கட்டும். பெற்றோருக்குத் தொலைபேசி எடுங்கள். தாமதமாக வரும் பெற்றோருக்கு ஒரு கண்டிப்பு இருப்பதில் எனக்கு முழு உடன்பாடு. செய்தி அனுப்புவதானால் பெற்றோரின் குழுவுக்கு அனுப்புங்கள், பிள்ளையின் கைபேசிக்கு வேண்டாம்.

இந்த ஏற்பாடு உங்களையும் காக்கிறது என்று சொல்வார்கள். உண்மைதான்; ஆனால் அது பக்கப் பலன். அதையே முதற்காரணமாகச் சொல்லி ஆசிரியர்களைச் சமாதானப்படுத்துவது எனக்குப் பிடிப்பதில்லை. இது பிள்ளைகளுக்காகச் செய்யப்படுவது.

22 ஆண்டுகளாகப் பழகியவர் என்பதால் உங்களிடம்தான் ஒரு பிள்ளை ஒருநாள் ஏதாவது சொல்லக்கூடும். நம் சமூகத்தில் அந்த இடத்தில்தான் பிழை நடக்கிறது. பெரியவர்கள் நாலு பேர் கூடி, குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரித்து, ‘குடும்ப மானம்’ என்று மூடிவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. ‘அவர் இப்படிச் செய்தாரா?’ என்று நீங்களே பதிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் சொற்களை அப்படியே, ஆங்கிலமோ தமிழோ, எழுதித் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். அன்றைக்கே நிலையத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். புகார் நிலையத்தில் பணிசெய்யும் ஒருவர்மீது என்றால், பொறுப்பாளர் அதை உள்ளூராட்சியின் ‘லாடோ’விடம் தெரிவிக்க வேண்டும், பிள்ளைகளோடு பணிசெய்வோர்மீது வரும் புகார்களைக் கவனிக்கவென்றே உள்ளூராட்சி நியமித்த அதிகாரி அவர். உடனடி ஆபத்து என்றால் 999. உங்கள் வேலை கேட்டுச் சொல்வதோடு முடிகிறது. விசாரிப்பது உங்கள் வேலையும் அல்ல, குழுவின் வேலையும் அல்ல.

புதன்கிழமைச் சாப்பாட்டில் கணக்குச் சற்று வேறு. முன்பு ‘வலுவற்ற பெரியவர்’ என்று எழுதுவார்கள். 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்துக்குப் பின் ‘ஆபத்துக்குள்ளாகக் கூடிய பெரியவர்’ என்கிறார்கள்; குறை அவரிடம் இல்லை, அவர் இருக்கும் நிலையில் இருக்கிறது என்பதற்காக. வயதானவர் எல்லாரும் இதில் வருவதில்லை. பராமரிப்புத் தேவை இருந்து, அந்தத் தேவை காரணமாகவே தீங்கிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவரே வருவார். அங்கே நீங்கள் அதிகம் காணக்கூடியது அடி உதை அல்ல, பணம். மறதி தொடங்கிய ஓர் அம்மா உங்களிடம் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் தந்து, “தம்பி, ஐம்பது பவுண் எடுத்துத் தாங்கோ” என்பார். வாங்காதீர்கள். நீங்கள் எடுத்துக் கொடுத்த 50 பவுண் அவருக்கு மறுநாள் நினைவிராது. அதைவிட முக்கியம், இப்படி எத்தனை பேரிடம் அந்த எண் போயிருக்கிறது என்பது. அதைப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும்.

பிள்ளை விஷயத்தில் பிள்ளை வேண்டாம் என்றாலும் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். பெரியவர் விஷயத்தில், முடிந்தவரை முதலில் அவரையே கேட்க வேண்டும். முடிவெடுக்கும் திறன் அவருக்கு உண்டு என்றே தொடங்க வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம். நமக்கு முட்டாள்தனமாகத் தோன்றும் முடிவு எடுப்பதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று ஆகிவிடாது. மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுக்கும் ஐயாவைப் பார்த்து நமக்கு வயிறு எரியலாம். அவர் விளங்கித்தான் கொடுக்கிறாரா, மிரட்டலில் கொடுக்கிறாரா என்பதுதான் கேள்வி. மற்றவர்களுக்கும் ஆபத்து இருந்தாலோ, அவர் மிரட்டப்பட்டாலோ, அவர் விரும்பாவிட்டாலும் பொறுப்பாளர் மேலே தெரிவிக்கலாம்.

இனி விண்ணப்பம். நம் பெயர்களால் வரும் சிக்கலை முன்பே சொல்லிவிடுகிறேன். ஊரில் தகப்பன் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் பின்னால், முதலில் அகதி விண்ணப்பத்தில் எழுதியது ஓர் எழுத்துக்கூட்டல், பிறகு குடியுரிமையில் இன்னொன்று என்று பலருக்கும் இருக்கும். நீங்கள் பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள். சோஹமில் பெயர் எவ்வளவு பெரிய விஷயமானது என்று மேலே பார்த்தோம். கடந்த 5 ஆண்டு முகவரிகளும் வேண்டும். ஊதியமில்லாத தொண்டர் என்பதால் டி.பி.எஸ். உங்களிடம் கட்டணம் வாங்காது. குழு சிறியதாக இருந்தால் ஓர் இடைநிலை அமைப்பு வழியாக அனுப்புவார்கள். அவர்கள் கையாளும் செலவை நிலையமே கட்டட்டும். சான்றிதழ் குழுவுக்குப் போகாது, உங்கள் வீட்டுக்குத்தான் வரும், காட்டுவது நீங்கள். வந்ததும், அதிலுள்ள தேதியிலிருந்து 30 நாளுக்குள் இணையத்தில் ‘புதுப்பித்தல் சேவை’யில் பதிந்துகொள்ளுங்கள். தொண்டர்களுக்கு அதுவும் இலவசம். அடுத்த முறை குழு மாறினாலும் அதே வகைப் பணி என்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டி வராது.