நத்தார் தாத்தா இருக்கிறாரா, அம்மா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. கிரேட் மூன்றில் படிக்கிறான். நாங்கள் சைவக் குடும்பம். ஆனாலும் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் பரிசுகளைப் பற்றிக் கதைக்கும்போது அவன் ஏங்கிப்போய் நிற்கக் கூடாது என்று வருடாவருடம் வீட்டில் மரம் வைத்து, நத்தார் தாத்தாவின் பெயரில் பரிசும் வைத்து வருகிறோம். போன கிழமை வந்து, “அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ, நத்தார் தாத்தா இருக்கிறாரா? அதெல்லாம் அம்மா அப்பா வாங்கி வைக்கிறது என்று ஒருவன் சொல்கிறான்” என்று கேட்டான். “இருக்கிறார்தானே” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அன்றிலிருந்து மனது சரியில்லை. உண்மை தெரிந்தால் என் மேல் உள்ள நம்பிக்கை போய்விடுமா? எந்த வயதில் சொல்லலாம்? வீட்டில் நாலு வயது மகளும் இருக்கிறாள்.

– ஒரு வாசகி, ஸ்காபரோ, கனடா

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் மகன் கேட்க வேண்டிய வயதில்தான் கேட்டிருக்கிறான். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த ஆய்வுகள் பலவும் ஏழு, எட்டு வயதையே காட்டுகின்றன. 1978இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் நான்கு வயதுப் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினர் நத்தார் தாத்தாவை நம்பினார்கள். ஆறு வயதில் அது 65 ஆகவும், எட்டு வயதில் 25 ஆகவும் குறைந்திருந்தது. 1897இல் நியூயார்க்கின் ‘தி சன்’ நாளிதழுக்கு இதே கேள்வியை எழுதி அனுப்பிய வர்ஜீனியா ஓஹான்லனுக்கும் எட்டு வயதுதான். நத்தார் தாத்தா இல்லை என்று கூட்டாளிகள் சொன்னதுதான் அவளையும் கேட்க வைத்தது.

சின்னப் பிள்ளைகள் இதை நம்புவது அறியாமை அல்ல. பெரியவர்கள் அத்தனை சான்றுகளை அவர்கள் முன் வைக்கிறோம். கனடா தபால் துறை நத்தார் தாத்தாவுக்கென்று தனி அஞ்சல் குறியீடு வைத்து, பிள்ளைகள் எழுதும் கடிதங்களுக்குப் பதிலும் அனுப்புகிறது. வட அமெரிக்க வான் பாதுகாப்பு அமைப்பான நோராட், அவர் எந்த நாட்டுக்கு மேலே பறக்கிறார் என்று ஒவ்வொரு டிசம்பர் 24 இரவும் அறிவிக்கிறது. அதன் முன்னோடி அமைப்பு 1955இல் தொடங்கிய வழக்கம் அது. அம்மா, ஆசிரியர், தொலைக்காட்சி என எல்லோரும் ஒரே குரலில் சொல்வதை நாலு வயதுப் பிள்ளை நம்புவதுதான் இயல்பு.

ஏழெட்டு வயதில் அந்தப் பிள்ளை கணக்குப் போடத் தொடங்குகிறது. ஒரே இரவில் ஒருவர் இத்தனை வீடுகளுக்கு எப்படிப் போவார்? புகைபோக்கியே இல்லாத அடுக்குமாடிக்குள் எப்படி வருவார்? பரிசில் உள்ள எழுத்து ஏன் அம்மாவின் எழுத்தைப் போல் இருக்கிறது? இப்படிச் சிறிது சிறிதாகச் சந்தேகம் சேரும். பாதி நம்பிக்கையும் பாதி சந்தேகமுமாகப் பல மாதங்கள் போவதும் உண்டு.

அடுத்து, உங்களை வருத்தும் கேள்வி. 1994இல் ஆண்டர்சன், பிரென்டிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் உண்மை தெரிந்துவிட்ட பிள்ளைகளிடமே பேசிப் பார்த்தார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் அதை நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள், கவலைப்பட்டவர்கள் பெற்றோர்தான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தைச் சேர்ந்த கேண்டிஸ் மில்ஸ் குழுவினர் அண்மையில் செய்த ஆய்வில், பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் கொஞ்சம் வருத்தமோ கோபமோ பட்டதாகச் சொன்னார்கள். அதுவும் பெரும்பாலும் சீக்கிரமே ஆறிவிட்டது. பெரியவர்களிடம் கேட்டபோது, வயது கடந்து, திடீரென்று, இன்னொருவர் வாயால் தெரிந்துகொண்டவர்களிடமும், பெற்றோர் மிகவும் வலியுறுத்தி நம்பவைத்த வீடுகளில் வளர்ந்தவர்களிடமும்தான் மனக்கசப்பு கூடுதலாக இருந்தது.

ஆகவே, அவனுக்குச் சந்தேகம் வந்த பிறகு அதை மூடி மறைக்கப் புதுச் சான்றுகளைத் தேடாதீர்கள். முதலில், “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேளுங்கள். அவன் இன்னும் நம்ப ஆசைப்படுகிறான் என்று தெரிந்தால், கொஞ்ச நாள் விட்டுவிடலாம். ஆனால் காரணங்களை அடுக்கிவிட்டு, “உண்மையைச் சொல்லுங்கோ” என்று நேராகக் கேட்டால், நேராகவே சொல்லுங்கள். பரிசு வைத்தது அம்மாவும் அப்பாவும்தான் என்று சொல்லுங்கள். அன்றைக்கு ஏன் மழுப்பினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தானாக யோசித்துக் கண்டுபிடித்ததற்காக அவனைப் பாராட்டுங்கள்.

புனித நிக்கொலஸ் என்ற உண்மையான மனிதரைப் பற்றியும் சொல்லலாம். இன்றைய துருக்கியில் உள்ள மைரா நகரில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் அவர். சீதனம் கொடுக்க வழியில்லாத மூன்று பெண்களுக்காக இரவில் யாருக்கும் தெரியாமல் பொற்காசுகளை வைத்துவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய பழங்கதை. பெயர் சொல்லாமல் கொடுப்பது எவ்வளவு நல்ல காரியம் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாக விளங்கும். இந்த வருடம் தங்கச்சிக்கான பரிசைத் தேர்ந்தெடுத்து, இரவில் மரத்தடியில் வைக்கும் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். வகுப்பில் இன்னும் நம்பும் பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகள் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். “குழப்படி செய்தால் நத்தார் தாத்தா பரிசு தரமாட்டார்” என்று மிரட்டாதீர்கள். அன்பாகச் சொன்ன கதையைப் பிள்ளை பிறகு மன்னித்துவிடும். அடக்கி வைக்கச் சொன்ன கதையை மன்னிப்பது கடினம். அவளுக்கு இதை வெறும் கதையாகவே சொல்லி வளர்த்தாலும் குறையொன்றும் இல்லை. கதை என்று தெரிந்தும் பிள்ளைகள் ஆசையோடு விளையாடுவார்கள்.

இதற்கென்று ஒரு வயதைக் குறித்து வைக்க வேண்டியதில்லை. பிள்ளை மனதாரக் கேட்கும் நாளே சரியான நாள். உங்கள் மகன் கேட்டுவிட்டான். வேறொருவர் சொல்லி அவன் முழுதாக அறிந்துகொள்வதற்கு முன், இந்த நத்தாருக்கு முன்பாகவே அவனோடு தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள்.