கோடு இருந்தால் எந்தப் பக்கம்?

எலக்ட்ரானிக்ஸ் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் ஓம் விதியை இரண்டாவதாகத்தான் சொல்லித் தருகிறேன். முதல் பாடம், எந்தக் கால் பிளஸ், எந்தக் கால் மைனஸ் என்பது. ரெசிஸ்டரை எப்படித் திருப்பிப் போட்டாலும் ஓடும். டையோடும் எல்.இ.டி.யும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும் அப்படியல்ல.

டையோடுக்கு "கோடு என்றால் கேத்தோடு", அதாவது மைனஸ் கால். ஓசையே மனதில் ஒட்டிக்கொள்ளும். 1என்4007 என்றால் கறுப்பு உடம்பில் வெள்ளி வளையம். 1என்4148 என்றால் நெல்மணி அளவு கண்ணாடிக் குழாயில் கறுப்பு வளையம். சர்க்யூட் படத்தில் முக்கோணத்தின் முனையில் நிற்கும் கோடும் அந்த வளையமும் ஒன்றே. ஜீனர் டையோடிலும் கோடு கேத்தோடுதான். ஆனால் வோல்டேஜை ஒரே அளவில் பிடித்துவைக்கும் வேலைக்கு அதைத் திருப்பிப் போடுவதால், வளையம் பிளஸ் பக்கம் வரும்.

எல்.இ.டி.க்கு "நீளக்கால் நேர்". காலை வெட்டிவிட்டால்? அடிவிளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். தட்டையாகச் சீவியிருக்கும் பக்கம் கேத்தோடு. உள்ளே தெரியும் பெரிய தகடுதான் மைனஸ் என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் மாறி வருவதும் உண்டு என்பதால் அதை நான் சொல்லித் தருவதில்லை. சந்தேகம் வந்தால் டிஜிட்டல் மல்டிமீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். மங்கலாக எரிந்தால், சிவப்பு முனை தொட்ட கால் பிளஸ். நீலமும் வெள்ளையும் சில மீட்டர்களில் எரியாது. அவற்றுக்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும்.

ஆளைக் கவிழ்ப்பது கெப்பாசிட்டர்தான். அலுமினிய டப்பாவின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும் பட்டை மைனஸ். பட்டைக்குள்ளேயே கழித்தல் குறி அச்சாகியிருக்கும். போர்டில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கட்டியான டான்டலம் கெப்பாசிட்டரில் அதே பட்டை பிளஸைக் காட்டும்! அதன் பக்கத்திலேயே கோடு போட்ட சிறிய டையோடு ஒன்றும் உட்கார்ந்திருக்கும். அங்கே கோடு கேத்தோடு. "டான்டலம் தலைகீழ்" என்று பெயரோடு சேர்த்தே சொல்லவைக்கிறேன். "கோடு மைனஸ்" என்று பொதுவாகப் படித்தவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். தலைகீழாகப் போட்ட டான்டலம் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கவும் கூடும். முதல்முறை சப்ளை கொடுக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள்.

பேட்டரிக் குறியீட்டில் நீளக் கோடு பிளஸ். அதை இரண்டாக வெட்டினால் ஒரு கூட்டல் குறி போடலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய முள் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஓம்ஸ் நிலையில் அதன் கறுப்பு முனையில்தான் பிளஸ் வரும். டிஜிட்டல் மீட்டரின் பழக்கத்தில் அளந்தால் டையோடு தலைகீழாகத் தெரியும்.

பழைய கெப்பாசிட்டரைக் கழற்றும் முன் பட்டை எந்தப் பக்கம் என்று போர்டிலேயே மார்க்கரால் குறித்துவிடுங்கள். போர்டில் நிழலடித்த அரைவட்டம் பெரும்பாலும் மைனஸ், எல்லா போர்டிலும் அல்ல. கிரவுண்டோடு சேரும் கால் மைனஸ்தான் என்றும் முடிவுகட்டாதீர்கள். மைனஸ் 12 வோல்ட் லைனில் இருக்கும் கெப்பாசிட்டருக்குப் பிளஸ் கால்தான் கிரவுண்டுக்குப் போகும்.